நான் அதிசய மனிதன் அல்ல: ஒரு சந்தாதாரரின் புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் (அச்சு இதழ், செயலி இரண்டும்),
அரசு மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர் (பார்வையற்றவர்),
திருச்சி.

பெறுநர்:
நாளிதழின் நிர்வாக இயக்குநர், ஆசிரியர் ஆகியோர்.

பொருள்: டிசம்பர் 3 சிறப்பு இணைப்பில் என்னைப் பற்றி வந்த தவறான கட்டுரை, பார்வையற்ற வாசகர்கள் பயன்படுத்த முடியாத செயலி ஆகியவை குறித்து.

ஐயா,

வணக்கம். உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்பு இணைப்பில் என்னைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. ‘விரல்களால் பார்க்கும் அதிசய ஆசிரியர்’ என்று தலைப்பு. ஐநூறு ரூபாய் நோட்டை நான் தடவிப் பார்ப்பது போலப் படம். எந்த நோட்டாக இருந்தாலும் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேனாம். ஆண்டவன் ஒன்றைப் பறித்தால் இன்னொன்றைக் கொடுப்பான் என்பதற்கு நானே சாட்சியாம்.

உங்கள் செய்தியாளரிடம் நான் சொன்னது இதற்கு நேர்மாறானது. 2016-க்கு முன்பு புழங்கிய நோட்டுகளில் நூறு ரூபாயின் நீளம் 157 மில்லிமீட்டர், ஐநூறின் நீளம் 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்ததால், பழகிய விரலுக்கு ஓரளவு பிடிபடும். இப்போது நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒரே 66. அடுத்தடுத்த நோட்டுகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பேருந்து நெரிசலில் கண்டக்டர் அவசரப்படுத்தும்போது, கசங்கி மடிந்த நோட்டில் அந்த 4 மில்லிமீட்டரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் மேடாக அச்சிட்டிருக்கும் சாய்கோடுகள் நோட்டு கொஞ்சம் பழசானாலே தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020-இல் ‘மணி’ என்று ஒரு செயலியை வெளியிட்டது. கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து எண்ணும்போது அது உதவுகிறது. ஓடும் பேருந்தில் ஒரு கையில் வெள்ளைக்கோல், இன்னொரு கையில் கம்பி என்று நிற்பவன் போனை எப்படி எடுப்பான்? நோட்டை மாற்றிக் கொடுத்துப் பணம் இழந்தவர்கள் என் நண்பர்களிலேயே பலர் இருக்கிறார்கள்.

நோட்டுகளின் அளவு வித்தியாசத்தை அதிகப்படுத்த வேண்டும் என்று எழுதுங்கள் எனச் செய்தியாளரிடம் வலியுறுத்திக் கேட்டேன். அவரும் குறித்துக்கொண்டார். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் புகார் எதைப் பற்றியதோ, அதையே என் சாதனையாக அச்சிட்டுவிட்டீர்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் பதினோராம் வகுப்பில் ஒரு பார்வையற்ற மாணவன் படிக்கிறான். அவன் அப்பா அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, “சார் தொட்டே சொல்றாராம், உனக்கு ஏன் முடியல?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அந்தப் பையன் என்னிடம் வந்து, அதை எப்படிப் பழகுவது, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான். இல்லாத ஒரு திறமை தனக்கு வரவில்லையே என்று பதினாறு வயதுப் பிள்ளை இரவெல்லாம் நோட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் அடங்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8-ஆம் தேதி வழங்கிய ஒரு தீர்ப்பை உங்கள் ஆசிரியர் குழு படிக்க வேண்டும். ஒரு திரைப்படத்துக்கு எதிராக மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர் நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கு அது. மாற்றுத்திறனாளிகளைக் கேலிக்குரியவர்களாகவும் காட்டக் கூடாது, அசாத்திய ஆற்றல் படைத்தவர்களாகவும் காட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட ஆற்றல் இருந்தால்தான் மரியாதைக்குத் தகுதி என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும் என்பதே காரணம். பார்வையற்றவர்களுக்கு மற்றப் புலன்கள் கூடுதல் கூர்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் நீதிபதிகள் உதாரணமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த வழிகாட்டுதல்கள் காட்சி ஊடகங்களுக்கு மட்டும்தான் என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லலாம். சரி, அப்படியே இருக்கட்டும். நீதிமன்றம் சொன்ன காரணம் நாளிதழுக்குப் பொருந்தாதா?

அதே இணைப்பில் மாரியப்பன் தங்கவேலு பற்றி எழுதியதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐந்து வயதில் கால்மேல் பேருந்து ஏறியது, தாயார் காய்கறி விற்றது என்று மூன்று பத்தி. உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் என அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர் அவர். எட்டு ஆண்டுகள் உலகத் தரத்தில் நிற்க எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும், ஓடி வந்து எழும்பும் உத்தி என்ன, சேலத்தில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை இன்று பயிற்சி பெற எங்கே போக வேண்டும்? ஒன்றும் இல்லை. மற்ற விளையாட்டு வீரர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கம் இப்படி எழுதுவதில்லை.

படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்று ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014-இல் சிட்னி மேடையில் பேசினார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த பெண் அவர். பொது இடங்களில் சாய்தளம் இருக்கிறதா, தேர்வுகளில் எங்களுக்காக எழுதித் தருபவர்கள் கிடைக்கிறார்களா, அரசு வேலையில் சட்டப்படியான 4 சதவீத இடஒதுக்கீடு நிரம்பியிருக்கிறதா என்று விசாரித்து எழுதுவது பத்திரிகையின் வேலை. பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுச் சென்னையில் பலமுறை சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் செய்திக்கு அரைப் பக்கம் கொடுங்கள்.

அடுத்து, காசு கொடுத்து நான் வாங்கும் சேவை பற்றி. உங்கள் செயலியில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி அவற்றை வெறும் ‘பட்டன்’ என்று மட்டும்தான் வாசிக்கிறது. சிறப்பு இணைப்பை முழுக்கப் படங்களாகவே ஏற்றியிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக வெளியிட்ட இணைப்பை, அதில் என்னைப் பற்றி வந்த கட்டுரையை, என் மனைவி வாசித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். உங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் சொன்னால், வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எல்லோரும் அணுகும்படி சேவை வழங்கும் பொறுப்பைத் தனியார் நிறுவனங்களுக்கும் விதித்திருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30-இல் சொல்லிவிட்டது.

என்னைப் பற்றிய கட்டுரையை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, நோட்டைத் தடவி மதிப்பைச் சொல்வேன் என்று எழுதியது தவறு என அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் திருத்தம் வெளியிடுங்கள். நோட்டு அளவுப் பிரச்சினையை ரிசர்வ் வங்கியிடம் விளக்கம் கேட்டுத் தனிச் செய்தியாக்குங்கள். அடுத்த முறை இணைப்பு தயாரிக்கும்போது மாற்றுத்திறனாளிப் பத்திரிகையாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து எழுத வையுங்கள். செயலியைச் சரிசெய்யும் வரை, பார்வையற்ற சந்தாதாரர்களிடம் அதற்கென்று வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். பதிலை மின்னஞ்சலில் எழுத்து வடிவிலேயே அனுப்புங்கள். கடிதத்தை ஸ்கேன் செய்து படமாக அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்