செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒரு ஞாயிறு, நீர் வற்றும் நேரம் பார்த்து, தூத்துக்குடிக் கரையில் நடந்தோம். மழைக் காலத்தில் மட்டும் நடை நின்றது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது, நடையில் பொறுக்கிய காலி ஓடுகளைப் பெயர்ச் சீட்டோடு வைக்கும் நம் சிப்பிப் பெட்டியைப் பற்றி.

நிறத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் பழக்கத்தை இந்த ஆண்டு விட்டோம். ஒரே இன மட்டியில் பல நிறம் உண்டு. வெயிலில் கிடந்தால் எல்லாமே வெளுத்துவிடும். ஓட்டைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று பிடிபடும்.

முதலில் தழும்பு. ஓடுகளை இழுத்து மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. மட்டியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முத்துச்சிப்பியில் பெரிதாக ஒன்றே ஒன்று. மட்டியின் இரண்டு தழும்புகளையும் இணைத்து, விளிம்பை ஒட்டி ஒரு கோடு ஓடும். பல மட்டிகளில் அது பின்பக்கம் குடா மாதிரி உள்வாங்கியிருக்கும். நீரை உறிஞ்சி வெளியே விடும் குழாய்களை மட்டி இழுத்து வைத்துக்கொண்ட இடம் அது. குடா ஆழமாக இருந்தால், மணலில் ஆழப் புதைந்து வாழ்ந்த உயிர் என்று பெரும்பாலும் சொல்லலாம். மூக்கை, அதாவது கீலருகே புடைத்து நிற்கும் முனையை, மேலே வைத்து உட்புறம் நம்மைப் பார்க்கப் பிடித்தால், குடா வலப்பக்கம் வந்தால் வலது ஓடு, இடப்பக்கம் வந்தால் இடது ஓடு.

அப்புறம் கீல். ரத்த மட்டிக்குச் சீப்பு போலப் பொடிப்பொடியான பற்கள், ஒரே வரிசையில். மாக்ட்ரா என்ற மட்டிக்கு மூக்கின் கீழே முக்கோணக் குழி ஒன்று. இரண்டு ஓடுகளையும் இணைக்கும் நார் அதற்குள் உட்காரும். நார் ஓடுகளைத் திறக்கப் பார்க்கும், தசை மூடப் பார்க்கும். செத்த மட்டி வாய் பிளந்து கிடப்பது அதனால்தான்.

ஒரு தவற்றையும் பதிவு செய்கிறேன். டோனாக்ஸ் என்ற மட்டியின் ஓடுகளுக்கு இடது வலது மாற்றிச் சீட்டு எழுதியிருந்தேன். பல மட்டிகளில் மூக்குக்கு முன்னால் உள்ள பக்கம்தான் குட்டை. அதையே இதற்கும் வைத்துக்கொண்டேன். டோனாக்ஸில் குட்டையான பக்கம் பின்பக்கம். நடைக்கு வந்த ஒரு பள்ளி மாணவிதான் கண்டுபிடித்தாள். "மாமா, குடா இந்தப் பக்கம்லா இருக்கு" என்று ஓட்டை என் கையில் வைத்தாள். சீட்டுகளை எல்லாம் அவளையே எழுதவைத்தோம். அவள் எடுத்த இன்னொரு ஓட்டில், மூக்கருகே வெளியே அகன்று உள்ளே குறுகிய வட்டத் துளை இருந்தது. நிலா நத்தை துளைபோட்டு மட்டியைத் தின்ற தடம். அதையும் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

உயிருள்ள சிப்பியை எடுப்பதில்லை என்ற விதி தொடர்கிறது. ராட்சத மட்டி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் அதன் காலி ஓட்டைக்கூடத் தொட வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் நம் நடை போகாது.

பெட்டிக்கு ஒரு கைலென்ஸும் மூடியுள்ள தட்டுகளும் வேண்டும். அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் கேட்கிறேன்.

செயலாளர்