ஒரு நாளைக் காலியாக விடுங்க: அந்தமான் பேக்கேஜ் போடும் நம்ம ஊர் ஏற்பாட்டாளர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் அந்தமான் பயணம் நடத்தும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கமுங்க.

நான் பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போன வருஷம் சித்ரா பௌர்ணமியை ஒட்டி, முழுப்பரீட்சை லீவில், மூன்று குடும்பம் சேர்ந்து உங்களில் ஒருவர் மூலமாக அந்தமான் போய்வந்தோம். மொத்தம் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் பத்து வயதுக்குக் கீழே. எனக்கு ஏழு வயதில் பையன், நாலு வயதில் பொண்ணு. கூடவே எங்க அப்பா, அதாவது பிள்ளைகளின் அப்பிச்சி.

ஏற்பாடு செய்தவர் பெயரை எழுதப் போவதில்லை. சொன்ன ரூம், சொன்ன படகு, சொன்ன சாப்பாடு எல்லாம் சரியாகக் கொடுத்தார். குறை ஒருத்தரிடம் இல்லை. நம்ம பக்கம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அந்த ஐந்து நாள் திட்டத்தில் இருக்கிறது. போவதற்கு முன் நாலு இடத்தில் விசாரித்தேன், நாலு பேரும் ஏறக்குறைய ஒரே தாளைத்தான் கொடுத்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் போட்ட திட்டம் அது. பிள்ளைக்காரர்களுக்கும் அதையே கொடுக்கிறீர்கள், டிக்கெட் விலை மட்டும்தான் மாறுகிறது.

முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஈரோட்டில் ரயில் ஏறி, நடுராத்திரியில் சென்னையில் இறங்கி, விடிவதற்குள் விமான நிலையம். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். ரூமுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் கண் சொக்கி நிற்கின்றன. இரண்டு மணிக்கே வண்டி வந்துவிட்டது, செல்லுலார் சிறைக்கு. 1906-ல் கட்டி முடித்த சிறை, ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்றைக்கு நிற்கிறது. தனிமைச் சிறை என்றால் என்ன என்று ஒரு பையனுக்கு நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். எங்க பையன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். ஒலி ஒளிக் காட்சி முடியும்வரை சின்னவள் என் மடியில் சுருண்டு கிடந்தாள். மறுநாள் காலையில் கூட்டிப்போயிருந்தால் அந்தச் சிறை அவன் மனதில் நின்றிருக்கும்.

அடுத்தது வெயில் கணக்கு. இதை நீங்கள் யாருமே எங்களிடம் சொல்லவில்லை. கடிகாரத்தில் அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான், ஆனால் அந்தமான் நம்ம ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் என்று போட்டால், நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அங்கே சூரியன் வந்துவிடும். மே மாதத்தில் காலை 5 மணிக்குள் விடிந்து, சாயங்காலம் 6-க்கு முன்பே இருட்டிவிடுகிறது. டிசம்பரில் 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நீங்களோ நம்ம ஊர்க் கணக்கில் ஒன்பது மணிக்கு டிபன், பத்து மணிக்குக் கடற்கரை என்று போடுகிறீர்கள். அங்கே பத்து மணி வெயில் நம்ம பதினோரு மணி வெயில். வெள்ளை மணல் வேறு கண்ணைக் கூச வைக்கிறது. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் பிள்ளைகள் அரை மணி நேரம் தாங்கவில்லை. முதுகு சிவந்து, அன்றைக்கு ராத்திரி சட்டை போட விடவில்லை. விடிந்ததும் ஐந்தரைக்குக் கடல், எட்டரைக்கு ரூமுக்குத் திரும்பி இட்லி, மத்தியானம் தூக்கம், மறுபடி மூன்றரைக்கு வெளியே. இப்படிப் போட்டாலே பாதி அழுகை குறையும்.

நீல் தீவில் இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவு இருக்கிறது. எங்க தாளில் அதற்குக் காலை 10.30 என்று போட்டிருந்தது. போனால், பாறையைச் சுற்றித் தண்ணீர் முட்டி நிற்கிறது, நடந்து போக வழியில்லை. கடல் வற்றும்போதுதான் அங்கே போக முடியும். வற்றுகிற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். இதைப் போய்ச் சேர்ந்த பிறகு வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வருஷம் பூராவும் ஒரே நேரத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பாதி நாள் குடும்பங்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் வேண்டும். அந்தந்தத் தேதிக்கு ஓத நேர அட்டவணை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியல், முன்கூட்டியே கிடைக்கிறது. டிக்கெட் போடும்போதே அதைப் பார்த்து நேரம் எழுதிக் கொடுக்க முடியும்.

அன்று மத்தியானம் காற்று பலமாகி எங்க படகு ரத்தானது. தாளில் இல்லாத ஒரு அரை நாள் எங்களுக்குக் கிடைத்தது. நாலு மணி வாக்கில் தங்கியிருந்த இடத்துக்குப் பின்னால் கடல் வற்றிப் போய், கரையோரம் அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. ஐந்து பிள்ளைகளும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டன. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, தன் சங்கை விட்டு வெளியே வந்து, பக்கத்தில் கிடந்த பெரிய சங்குக்குள் பின்பக்கமாகப் புகுந்துகொண்டதைப் பையன் பார்த்தான். "அம்மா, வீடு மாத்துது!" என்று அவன் கத்தியதற்குப் பக்கத்து ரூமிலிருந்தவர்களும் வந்து பார்த்தார்கள். அதுவரை பை நிறையச் சங்கு பொறுக்கி வைத்திருந்தவன், தானே கொண்டுபோய்க் கரையில் கொட்டினான். சங்கு எடுக்காதே, பவளம் தொடாதே என்று நாங்கள் நாலு நாளாகச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. (பவளத்துண்டு ஒன்று பையில் இருந்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி யாராவது புறப்படும்போதே சொல்ல வேண்டும்.)

அதே சாயங்காலம் எங்கப்பா உள்ளே தோட்டப் பக்கம் நடந்துபோனார். அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கிற தீவு நீல். வாழ்நாள் பூராவும் மஞ்சள் போட்டவர், அங்கே ஒரு வங்காளி விவசாயியோடு பாஷை தெரியாமலே ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். "பாக்கு மரம் நிக்கற நெருக்கத்தப் பாரு கண்ணு" என்று இன்றைக்கும் சொல்கிறார். பயணத்தில் அவருக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

இப்போது எழுதக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகை. ராத்திரி இரண்டரைக்குப் பிள்ளைகளை எழுப்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிறுத்தி, வண்டிகள் கூட்டமாகக் காட்டுக்குள் போகின்றன. அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. சில நூறு பேர்தான் அவர்கள். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் போகும் சாலைப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. 2013-ல் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளை நிறுத்தியும் வைத்தது. நாங்கள் இதெல்லாம் தெரியாமல் போனோம். வண்டியில் இருந்தவர் "அதிர்ஷ்டம் இருந்தா தெரிவாங்க" என்றார். என் பையன் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இன்னும் ஒண்ணுமே வரலீங்களா?" என்று கேட்டான்.

பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது யானை தெரியுமா என்று கேட்பானே, அதே குரல்.

எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. அவன் மேல் தப்பில்லை. மனுஷர்களைப் பார்க்கும் பாதையில் அப்படி உட்கார வைத்துக் கூட்டிப்போனது நான், அதைத் திட்டத்தில் போட்டுக் கொடுத்தது நீங்கள். குடும்பப் பேக்கேஜிலிருந்து அந்தச் சாலையை எடுத்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதற்குப் பதிலாக ராஸ் தீவில் ஒரு காலைப்பொழுது கொடுங்கள். இடிந்த கட்டடங்களை மரவேர் கவ்விப் பிடித்திருக்கும், புள்ளிமான்கள் பக்கத்திலேயே மேயும். பிள்ளைகள் அங்கே தானாக ஓடித் திரிகின்றன.

உயிர்காப்புச் சட்டை பற்றி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் அந்தக் காலத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். இப்போது கிணற்றில் இறங்கும் பிள்ளையே அரிது. காளிங்கராயன் வாய்க்காலைத் தாண்டி ஓடும் தண்ணீர் பார்க்காத பிள்ளைகள்தான் உங்களோடு கடலுக்கு வருகின்றன. எங்க படகில் பெரியவர் அளவுச் சட்டைதான் இருந்தது. சின்னவளுக்குப் போட்டால் காது வரைக்கும் ஏறி நின்றது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். காலுக்கிடையில் வார் உள்ள, பிள்ளைகள் அளவுச் சட்டை இல்லாத படகில் எங்களை ஏற்றாதீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரைகள் எவை என்றும் முன்பே சொல்லுங்கள். ஹேவ்லாக்கிலும் நீலிலும் மருத்துவ வசதி குறைவு, பெரிய சிகிச்சை என்றால் படகு ஏறித்தான் வர வேண்டும். பிள்ளைக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு மருந்து எடுத்து வருவார்கள்.

பெயர்களையும் சரிபார்த்து அச்சடியுங்கள். 2018-லேயே ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது, நீல் ஷஹீத் த்வீப், ராஸ் நேதாஜி பெயருக்கு மாறியது. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. தாளில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று இருந்ததில் எங்கப்பா தவறான வரிசையில் போய் நின்றுவிட்டார்.

திருப்பூரில் கம்பெனிகளுக்கு நீண்ட லீவு தீபாவளிக்குத்தான், நம்ம கூட்டம் கிளம்புவதும் அப்போதுதான். பள்ளிக்கூட லீவு என்றால் மே. இரண்டுமே அந்தக் கடலில் படகு ரத்தாகக்கூடிய காலம். மே மூன்றாம் வாரத்திலேயே அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அதனால் கடைசி நாள் ராத்திரியை ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள், நடுவில் ஒரு நாளை முழுசாகக் காலியாக விடுங்கள். படகு ரத்தானால் அது கை கொடுக்கும். ஆகாவிட்டால் பிள்ளைகள் நண்டு பார்க்கட்டும்.

"அஞ்சு நாள்ல எத்தன எடம்னுதானுங்க எல்லாரும் கேக்கறாங்க" என்று நீங்கள் சொல்வது தெரியும். போவதற்கு முன் நானும் அப்படித்தான் கேட்டேன். அதனால் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். வரும் பொங்கல் லீவில் என் தங்கச்சி குடும்பமும் அவள் கொழுந்தனார் குடும்பமும் போகிறார்கள். மூன்று பிள்ளைகள். ஸ்ரீ விஜயபுரத்தில் இரண்டு ராத்திரி, நீலில் மூன்று ராத்திரி, வேறெங்கும் வேண்டாம். அந்தத் தேதிகளுக்கு ஓத நேரம் எழுதி, பிள்ளைகள் அளவில் மூன்று உயிர்காப்புச் சட்டை உறுதி செய்து, உங்களில் யார் திட்டம் போட்டுத் தருகிறீர்களோ அவர்களிடம் முன்பணம் கட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெருந்துறைப் பக்கத்திலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா