புகைபோக்கியைக் காப்பாற்றினீர்கள், குழாயடியை?

மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஆலை மூடியதும் நீங்கள் முதலில் பதறுவது புகைபோக்கிக்காக. அடுத்தது முதலாளியின் பங்களா, மணிக்கூண்டு. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் முறை வரும்போது மட்டும் 'கட்டடக்கலைச் சிறப்பு ஏதுமில்லை' என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுகிறீர்கள்.

அந்த வரிசைகளைச் சற்று நின்று பாருங்கள். இங்கிலாந்தின் சால்ட்டேரில் டைட்டஸ் சால்ட் தன் கம்பளி ஆலையைச் சுற்றி 1850களில் கட்டத் தொடங்கிய வீடுகள் 800க்கு மேல். சாதாரணத் தொழிலாளிக்குச் சின்னது, மேற்பார்வையாளருக்குப் பெரியது. தெருக்கள் பலவற்றுக்கோ தன் பிள்ளைகளின் பெயர்! ஆலைக்குள் யார் யாருக்கு மேல் என்று தெரிந்துகொள்ளச் சம்பளப் பதிவேடே வேண்டாம், வீட்டின் அளவைப் பார்த்தால் போதும். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் ஆலை மட்டுமல்ல, ஊர் முழுவதும்தான்.

ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் ஐசன்ஹைம் என்றொரு குடியிருப்பு. இரும்பாலைத் தொழிலாளருக்காக 1846இல் தொடங்கியது. 1970களில் இடிக்கப் பார்த்தபோது முன்னே நின்று தடுத்தவர்கள் அங்கே வசித்தவர்கள். அவர்களுடைய பழைய பொதுச் சலவைக்கூடம் இன்று அருங்காட்சியகம். துணி துவைத்த இடத்தைக் காக்கத் தகுந்தது என்று நினைத்தார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள் என்று கேட்கவில்லை. மும்பையில் 1920களில் எழுந்த பிடிடி சால்கள் என்னும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் ஓர் அறை சுமார் 160 சதுர அடி, கழிப்பறை பொது. அவற்றை இடித்துக் குடும்பத்துக்கு 500 சதுர அடி வீடு தருகிறார்கள். வாங்கிக்கொள்பவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. இட நெருக்கடியை அழகு என்று ரசிப்பவர் அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும்.

நான் கேட்பது கொஞ்சம்தான். எங்கே இடித்தாலும் ஒரு கட்டடத்தையாவது நடைவழி, குழாயடி, கழிப்பறையோடு விட்டுவையுங்கள். வெள்ளையடித்து காபிக்கடை ஆக்க வேண்டாம். அடுப்புப் புகை படிந்த சுவர் அப்படியே இருக்கட்டும். ஆட்கள் காலி செய்யும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பாய் எங்கே விரிந்தது, அடுப்பு எந்த மூலை, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கப் பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள். வரைபடத்தில் இதெல்லாம் வராது.

அடுத்த கூட்டத்தில் அங்கே வசிப்பவர்கள் இரண்டு பேருக்காவது இடம் கொடுங்கள். கூட்டத்தை அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
லைன் வீட்டில் வளர்ந்த ஒருவர்