பொறுப்பு கைமாறும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடிவெடுக்கும் வேலையில் எவ்வளவு பங்கைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, கணினியிடமிருந்து மனிதரிடம் அந்த வேலை எவ்வாறு திரும்பி வருகிறது என்பதே பெரிய கவலையாக இருக்கிறது.

2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் உயிரிழந்தனர். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததால் அளவீடுகள் குழம்பின. ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. அந்த அடைப்பு ஒரு நிமிடத்துக்குள் நீங்கிவிட்டபோதிலும், என்ன நடந்தது என்று புரியாத விமானிகள் மூக்கை மேலே தூக்கியதால் விமானம் தன்னைக் காற்றில் தாங்கும் ஏற்றுவிசையை இழந்து, நாலரை நிமிடங்களுக்குள் கடலில் மோதியது.

இதில் என்னை இன்றும் வருத்துவது, ஏற்றுவிசை இழப்பை உணர்த்தும் எச்சரிக்கை ஒலியின் அமைப்புதான். காட்டப்படும் வேகம் மணிக்கு 60 கடல்மைலுக்குக் கீழே இறங்கினால், இறக்கை காற்றை எதிர்கொள்ளும் சாய்கோணத்தின் அளவீடு செல்லாது என்று கணினி கருதும், ஒலியும் நின்றுவிடும். ஆகவே, ஆபத்து முற்றிய நிலையில் ஒலி அடங்கியது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகம் கூடியதும் அது மீண்டும் அலறியது. சரியானதைச் செய்தவரைக் கருவி அதட்டியது. தவறானதைச் செய்தபோது வாய்மூடிக்கொண்டது. விமானிகளின் பயிற்சிக் குறைவை மட்டும் பேசுவோர் இதை மறந்துவிடக் கூடாது. இந்த எச்சரிக்கை இயங்கும் முறையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பும் 2012ஆம் ஆண்டு இறுதி அறிக்கையில் பரிந்துரைத்தது.

சூழலுக்கும் மனிதரின் வேலைச்சுமைக்கும் ஏற்பத் தன் பங்கைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் தானியக்கம் எட்டாக் கனி அன்று. அமெரிக்க எஃப்-16 போர் விமானங்களில் 2014 முதல் பொருத்தப்பட்டுவரும் தரைமோதல் தவிர்ப்பு அமைப்பு, விமானி தானே தப்பிக்க வாய்ப்புள்ள கடைசி நொடிவரை காத்திருந்து, திரையில் நெருங்கிவரும் குறிகளால் ஆபத்தை உணர்த்தி, அதன் பிறகே கட்டுப்பாட்டை ஏற்கிறது; ஆபத்து நீங்கியதும் திருப்பித் தருகிறது. வேகமான திருப்பங்களில் உடலை அழுத்தும் அதிக விசையால் மயங்கிய விமானிகள் இதனால் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

பயணிகள் விமானத்தில் இதையே மறுதிசையில் செய்யவேண்டும். விலக நேரும் கணினி, எந்த அளவீட்டை நம்ப முடியவில்லை, இன்னும் எவை நம்பத்தக்கவை, இறக்கைகளைச் சமமாக வைத்திருப்பது போன்ற எந்த வேலையைத் தான் தொடர்ந்து பார்க்கமுடியும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் படிப்படியாகவே விலகவேண்டும். ஒரு விமானத்துக்குச் சான்று வழங்குமுன், நள்ளிரவில், களைத்திருக்கும் விமானிகளிடம் பொறுப்பு திடீரென வந்துசேரும் அந்த முதல் ஒரு நிமிடத்தைச் சிமுலேட்டரில் சோதித்தே ஆகவேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்புகளைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
சென்னை.