போன வாரக் கணக்கையும் சொல்லுங்கள்

வாராந்திர வானிலை அறிவிப்பு எழுதும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன்.

வரும் வாரத்துக்கான உங்கள் அறிவிப்பு ஞாயிறு காலை வந்தது. பெங்களூர் அடங்கிய தென் உள் கர்நாடகத்தில் ஏழு நாளும் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை. திங்களுக்கும் அதே வரிதான், அடுத்த ஞாயிற்றுக்கும் அதே வரிதான். போன புதன்கிழமையைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று கடைசி வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எந்தப் புதன் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளி வரை வறண்ட வானிலை என்று நீங்கள் எழுதிய வாரத்தின் புதன். மாலை நாலு மணிக்கு எங்கள் தெருவில் ஆலங்கட்டியோடு கொட்டியது. உங்கள் ஏட்டில் அது வியாழக்கிழமை மழையாக ஏறியிருக்கும், காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை உங்களுக்கு ஒரு நாள், முடிகிற நாளின் பெயர்தான் அதற்கு. எங்கள் வீட்டில் அதற்குப் புதன்கிழமை என்றுதான் பெயர்.

பங்குனி பிறந்தால் அம்மாவும் சின்னம்மாவும் கூழ் வடகம் போடுவார்கள். வீட்டுக்கு மட்டுமல்ல, விற்பதற்கும். அன்று பத்துக் கிலோ அரிசி. ராத்திரியே ஜவ்வரிசி ஊறவைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி, பச்சை மிளகாயும் உப்பும் பெருங்காயமும் அரைத்துவிட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து, ஏழு மணிக்குள் மொட்டை மாடியில் நாலு பழைய வேட்டியிலும் இரண்டு புடவையிலும் கரண்டி கரண்டியாக ஊற்றி முடித்தாகவேண்டும். அதற்கப்புறம் காக்கா விரட்டும் வேலை. மறுநாள் துணியைத் திருப்பிப்போட்டு, தண்ணீர் தெளித்து, உரித்து, இன்னும் இரண்டு வெயில் காட்டவேண்டும். ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும். மொத்தத்தில் மூன்று நாள் வெயில். ஒரு வாரத்தில் அந்த மூன்று நாள் எது என்று தெரிந்துகொள்ளத்தான் உங்கள் அறிவிப்பை நான் ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

புதன் மதியம் இரண்டரை மணிக்குப் பக்கத்து மாடி அஜ்ஜி "மளெ பரத்தெ", மழை வருது, என்று கன்னடத்தில் குரல் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கும் சந்தேகம். ஆபீசிலிருந்த எனக்குப் போன் செய்து, "காத்து மாறுதே, எடுத்துடட்டுமா?" என்றார். உங்கள் வரியை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டு, "வெள்ளி வரைக்கும் வராதும்மா" என்றேன். மண்வாசனையை வைத்தே மழை சொல்லுகிற மனுஷி, அன்று என் பேச்சைக் கேட்டார்.

நான் வீடு திரும்பியபோது மாடிக் குழாய் வழியாகக் கூழ் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துணியோடு சுருட்டிக் காப்பாற்றிய கொஞ்சமும் காலையில் புளித்த வாடை அடித்தது. சிவாஜிநகர் மெஸ் ஒன்றுக்குத் தருவதாகச் சொன்ன ஆறு கிலோ போயிற்று. அம்மா திட்டவில்லை. "இனிமே நீ படிச்சுக் காட்ட வேணாம்" என்றார், அவ்வளவுதான்.

மழை ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. 2024 ஏப்ரலில் நகர வானிலை நிலையத்தில் ஒரு நாளும் மழை பதிவாகாமல், வெயில் 38.5 டிகிரிக்கு ஏறி, நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்ததை மறக்கவில்லை. மாஞ்சாரல் வந்தால்தான் மாங்காய் நிற்கும், காபிப் பூ மலரும். பகலெல்லாம் தரை கொதித்து, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே ஏறி, மாலையில் திரளும் மேகம் அல்சூரை நனைத்துவிட்டு ஜெயநகரைத் தொடாமலே கலைந்துபோகும் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட மேகத்தை மூன்று நாளுக்கு முன்பே தெருப் பெயரோடு சொல்ல யாராலும் முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தவறியதைத் தவறியது என்று சொல்ல முடியும். நான் கேட்பது அது ஒன்றுதான்: அடுத்த வாரத்தைச் சொல்லும்போது, போன வாரம் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று பக்கத்திலேயே போடுங்கள். பெய்து முடித்த பிறகு எந்தப் பகுதியில் எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு வந்துவிடுகிறதே. 'வறண்ட வானிலை' என்று பத்து நாள் சொன்னதில் எட்டு நாள் பலித்தது என்று தெரிந்தால், அந்த எட்டை வைத்து அம்மா பத்துக் கிலோ ஊறவைப்பதா, நாலு கிலோவோடு நிறுத்துவதா என்று முடிவு செய்துகொள்வார். இருபது வருஷமாகச் சீட்டு நடத்துகிறவர் அவர்.

அதைச் செய்யாமல், ஒரு புதன் தவறியதும் ஏழு நாளுக்கும் 'ஓரிரு இடங்களில்' என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கணக்கில் ஓரிரு இடம் என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி வரை. லேசானது முதல் மிதமானது வரை என்றால் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 64.4 மில்லிமீட்டர் வரை. எங்கோ தூறினாலும் உங்கள் வாக்கு பலித்துவிடும், எங்கள் மாடியில் வெள்ளமே போனாலும் பலித்துவிடும். கிளி ஜோசியர்கூட ஒரு சீட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார். நீங்கள் சீட்டுக்கட்டையே நீட்டிவிட்டீர்கள். கூடவே மஞ்சள் எச்சரிக்கை வேறு: கவனமாக இருக்கவேண்டுமாம். மாடியில் கூழை ஊற்றியவர் எப்படிக் கவனமாக இருப்பது, குடை பிடித்தா?

அன்று ஒரு மணி நேர மழைக்கு மரக்கிளை விழுந்து ராத்திரி பதினொன்று வரை கரண்டும் இல்லை. தர்மாம்புதி ஏரியில் பஸ் ஸ்டாண்டும் சம்பங்கி ஏரியில் விளையாட்டு அரங்கமும் கட்டிய ஊரில் தண்ணீர் எங்கேதான் போய் நிற்கும்? போகட்டும், அது உங்கள் இலாகா இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைப் பௌர்ணமிக் கரகத்துக்கு மல்லிகை கட்டுகிறவர்களும், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர்களும், பந்தல்காரர்களும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். வரும் ஞாயிறு அறிவிப்பின் அடியில் தயவுசெய்து போன வாரக் கணக்கை இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். தமிழில் வேண்டும் என்று கேட்கவில்லை. கன்னடத்தில் இருந்தாலும் அம்மா படித்துக்கொள்வார்.

கோடை மழை பிடிப்பதற்குள் இன்னும் ஐந்து கிலோவாவது போடவேண்டும் என்கிறார். ஜவ்வரிசி வாங்கி வைத்தாயிற்று. இன்னும் ஊறவைக்கவில்லை.

இப்படிக்கு,
வடகம் போடுகிறவரின் மகள்,
அல்சூர், பெங்களூர்