பாப்பாவுக்கு, மார்ச் 22க்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சித்தி வீட்டு நிச்சயதார்த்தம் சித்திரைக்குத் தள்ளிப் போய்விட்டது. வேறு சேதி இல்லை.

ஊராட்சித் தலைவி வேலை எப்படிப் போகிறது என்று போனில் கேட்டால் "எல்லாம் நடக்குதும்மா, அவரு பாத்துக்கிறாரு" என்கிறாய். அதற்கு மேல் நீ சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. மாப்பிள்ளை தேர்தலுக்கு வீடு வீடாக அலைந்தவர், உழைப்பாளி. அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 22ஆம் தேதி உலகத் தண்ணீர் தினக் கிராம சபை வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்பார்கள், காலங்காலமாக அங்கேதான் என்பார்கள். சம்மதிக்காதே. மதம் சார்ந்த வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்று கூட்டத்துக்கான சுற்றறிக்கையிலேயே இருக்கிறது, எடுத்துக் காட்டு. மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் படி ஏறமாட்டார்கள். ஏறினாலும் ஓரமாக நிற்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். காலனிப் பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா போட்டு வை. தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டிலேயே அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது, யாரையும் பறையடித்து ஊர் சுற்ற அனுப்பாதே. ஆட்டோவில் மைக் கட்டச் சொல். அந்த ஆட்டோ மெயின் ரோட்டோடு திரும்பிவிடும், அதுதான் எங்கும் நடக்கிறது. காலனியின் கடைசித் தெரு வரை போகிறதா என்று நீயே பின்னால் போய்ப் பார்த்துக்கொள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, உனக்குத் தெரியும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. உங்களுக்கு 200 பேர் வேண்டும். ஆள் சேராவிட்டால், மறுநாள் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவார்கள். கேட்டால் ஊர் வழக்கம் என்பார்கள். என்ன தீர்மானம் என்று தெரியாமலே இருநூறு பெண்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

தீர்மானப் புத்தகத்துக்கு வருகிறேன். எழுதி முடிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே. கூட்டத்திலேயே ஒவ்வொரு தீர்மானத்துக்கும் வரிசை எண் போட்டு எழுத வேண்டும். எழுதியதைச் செயலர் மைக்கில் வாசிக்க வேண்டும். கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகு கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்து, அதற்குக் கீழேதான் உன் கையெழுத்தும் தேதியும். நடுவில் இடம் விட்டிருந்தால் அதில் அப்புறம் ஒரு வரி ஏறும். யாருடைய வீட்டு வாசலுக்கோ சிமெண்ட் சாலை ஏறும், அது நீ கையெழுத்துப் போட்ட தீர்மானமாக இருக்கும். முடிந்ததும் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். புத்தகம் வீட்டுக்கு வரக் கூடாது. கையெழுத்துக்காக யாராவது சமையலறை வாசலில் கொண்டுவந்து நீட்டினால், அலுவலகத்துக்கு வருகிறேன் என்று சொல்.

எம்.எஸ்.சி. படித்த பிள்ளை நீ. ஓட்டு எண்ணிய இரவில் உன் பெயரைச் சொன்னபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார், உனக்குத் தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி 2020 ஜனவரியில் தலைவியாகப் பதவி ஏற்றாள். அந்த வயதில் அவளால் முடிந்தது என்றால் உனக்கு என்ன தடை என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். மன்றக் கூட்டத்துப் படம் வாட்ஸாப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தண்ணீர் தினம் என்பதால் தண்ணீரையே முதல் பொருளாக வை. காலனியில் தண்ணீர் வருவதில்லை என்று பொதுவாகப் பேசினால் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். அளந்து வைத்துக்கொண்டு பேசு. தண்ணீர் விடும் நேரத்தில் தொட்டியடித் தெருவின் முதல் குழாயிலும் காலனியின் கடைசிக் குழாயிலும் ஒரே 15 லிட்டர் குடத்தை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஐந்து நிமிடமானால் 3 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், குடத்தில் பதினைந்து. தொட்டியடியில் கால் மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள். காலனியில் 73 நிமிடம் நிற்க வேண்டும், நீங்கள் விடுவதோ ஒரு மணி நேரம். நிற்பது யார்? பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண்பிள்ளைகள்தான். மூன்று நாள் அளந்து, தேதி போட்டு எழுதி, அந்தத் தாளைக் கூட்டத்தில் வாசி.

காரணத்தையும் தேடி வைத்துக்கொள். எல்லாத் தெரு வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் மேட்டுத் தெருவிலும் கடைசித் தெருவிலும் அழுத்தம் இருக்காது. மெயின் தெருவில் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்றால் இன்னும் மோசம். காலனி வால்வை மட்டும் முதல் முக்கால் மணி நேரம் திறந்து, மற்றதை மூடி வைக்கச் சொல். இதற்குச் செலவே இல்லை. தொட்டி ஆபரேட்டர் யார் சொன்னால் வால்வைத் திருப்புகிறார் என்பதுதான் கேள்வி. தலைவர் நீ, நீ சொல்லித்தான் திருப்ப வேண்டும். அப்படியும் ஏறவில்லை என்றால், காலனிக் குழாயை மெயின் தெருக் குழாயின் நுனியிலிருந்து சிறிய பைப்பில் பிரித்திருப்பார்கள். அப்போது தொட்டியிலிருந்தே தனி லைன் வேண்டும், ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு கேட்டுத் தீர்மானம் போடு. குளோரினையும் கடைசிக் குழாயில்தான் சோதிக்க வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அங்கே இருந்தால் மற்ற இடத்திலும் இருக்கும்.

இதையெல்லாம் வேறு யாரும் செய்யக் கூடாதா என்று நீ கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் அந்தக் கடைசித் தெருப் பெண்கள் குழாயடியில் உன்னிடம்தான் சொல்வார்கள். ஓர் ஆம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கழிப்பறை இல்லாததையும் சாராயத் தொல்லையையும் அவர்கள் சொல்லவேமாட்டார்கள். கைத்தடி ஊன்றி வரும் கிழவரும் அப்படித்தான். உன் இடம் போனால் உன்னோடு சேர்த்து அவர்களுக்கும் போகிறது.

பயமில்லாமல் எழுதவில்லை. நெல்லைப் பக்கம் தாழையூத்து ஊராட்சித் தலைவி கிருஷ்ணவேணியை 2011இல் வெட்டிப் போட்டார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட நின்றவர், உயிர் பிழைத்தது பெரிய காரியம். 2020இல் கடலூர்ப் பக்கம் தெற்குத்திட்டையில் தலைவியையே தரையில் உட்கார வைத்தார்கள். அதனால் சொல்கிறேன், எதையும் தனியாகப் போய்ச் சண்டையாகச் செய்யாதே. தீர்மானமாகச் செய், கடிதமாகச் செய். மன்றக் கூட்டத்தில் காலனி வார்டு உறுப்பினருக்கும் எல்லோருக்கும் போடுகிற அதே நாற்காலியைப் போடு, முதலில் நீ போய்ப் பார்த்துக்கொள். பட்டியல் சாதி உறுப்பினரை வேலை செய்யவிடாமல் தடுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், செயலருக்கும் அதைச் சொல்லிவை.

காசோலையில் நீயும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். காலனி வேலை என்றதும் அவர் போடாமல் இழுத்தடித்தால் வாய்ப்பேச்சாகக் கெஞ்சாதே. பில், தீர்மான எண், அவருக்குக் காட்டிய தேதி மூன்றையும் எழுதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று அனுப்பு. ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் கலெக்டர்தான். தபால் ரசீதை ஒட்டி வை. எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதே, தாளுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கணினியில் ஊராட்சிப் பணம் அனுப்பக் கையெழுத்தாகச் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உன் பெயரில் இருக்கிறது. அது யார் பையில் இருக்கிறது? ஓ.டி.பி. எந்தப் போனுக்கு வருகிறது? பணம் தவறாகப் போனால் தணிக்கையில் பெயர் வருவது உனக்குத்தான். நல்ல மனசோடு யார் செய்திருந்தாலும் வருவது உனக்குத்தான். மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்தால் அவரே கொடுத்துவிடுவார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, "என் பேர்ல இருக்கு, என்கிட்ட இருக்கட்டும்" என்று ஒரு வாக்கியம் சொல். சொன்ன பிறகு பேச்சை மாற்றிவிடு, விளக்கம் கொடுக்காதே. கூட்டத்துக்கு அவரும் வரட்டும், ஊர் மக்களோடு உட்காரட்டும், ஓட்டு உள்ளவர்தானே.

ஓ.டி.பி. எண்ணை உன் போனுக்கு மாற்ற ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடு, 22க்கு முன்னால். டோக்கனின் பின் நம்பரையும் மாற்று. மாற்றியதும் எனக்குப் போன் செய். நம்பரை என்னிடமும் சொல்லாதே, மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்.

அம்மா