சீட்டுல பங்கு கேக்கல, ஃபீஸ் மட்டும் கட்டுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

நான் கொருக்குப்பேட்டைல இருக்கேன், எம்.சி. ரோடு கடைங்களுக்கு நைட்டி தெச்சுக் குடுக்குற வேலை. எங்க வூட்டுக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, அரசு உதவி வாங்குற ப்ரைவேட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல்ம்பாங்க, அது இந்தாண்ட. கூட்ஸ் வண்டி வந்து கேட்ட மூடிட்டா எப்ப தொறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது, புள்ளைங்க பையோட குனிஞ்சு பூந்து தண்டவாளத்த தாண்டும், அத பாத்து பயந்து தான் பொண்ண ஆறாங்கிளாஸ்ல இந்தாண்டயே சேத்தேன். தமிழ் மீடியம் தான்.

அவ ரெண்டாவது தடவ நீட் எழுதி ப்ரைவேட் மெடிக்கல் காலேஜ்ல கவர்மெண்ட் கோட்டா சீட் வந்துச்சி. வருஷத்துக்கு டியூஷன் ஃபீஸே நாலு லட்சத்துக்கு மேல (நானும் பீஸ் கணக்குல தான் சம்பாதிக்கிறேன், அது நைட்டி பீஸ்). பேங்க்ல போய் கேட்டா ஏழரை லட்சத்த தாண்டுனா சொத்து காட்டணும்னாங்க, வாடகை வூட்டுல இருக்குறவ என்னத்த காட்டுறது, தையல் மெஷினையா? சீட்ட விட்டுட்டோம்.

எதிர் வூட்டு பொண்ணு கேட்டுக்கு அந்தாண்ட படிச்சவ. அரசுப் பள்ளி புள்ளைங்களுக்குன்னு மெடிக்கல் சீட்டுல இருக்குற 7.5 சதவீத ஒதுக்கீட்டுல அவளுக்கும் ப்ரைவேட்ல தான் கெடச்சது, ஆனா டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது. சத்தியமா வயித்தெரிச்சல் இல்ல சார், அவ ஒயிட் கோட்டு கைய புடிச்சு சின்னதாக்கி குடுத்ததே நான் தான்.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா தான் அந்த ஒதுக்கீடு, சரி, அது அவங்களுக்கே இருக்கட்டும், நாங்க அதுல பங்கு கேக்கல. சொந்த மார்க்ல கவர்மெண்ட் கோட்டா வாங்குற எய்டட் ஸ்கூல் ஏழப் புள்ளைக்கு ஃபீஸ மட்டும் கட்டுங்கன்னு தான் கேக்குறோம். எய்டட்னாலும் டீச்சருக்கு சம்பளம் அரசு தானே குடுக்குது, புக்கு, மத்தியான சாப்பாடு எல்லாம் குடுக்குறீங்க, காலை சாப்பாடு 2025-ல டவுன் எய்டட் ஸ்கூலுக்கும் வந்துடுச்சி, புதுமைப்பெண் ஆயிரம் ரூபாயயும் முதல்ல இல்லன்னாங்க அப்புறம் எய்டட் தமிழ் மீடியம் பொண்ணுங்களுக்கும் குடுத்தாங்க. மாசம் ஆயிரத்துக்கு நாங்க ஏழைங்க, டாக்டர் ஃபீஸுக்கு மட்டும் இல்லயா? 2020-ல 7.5 வந்த முதல் வருஷத்துலயே ப்ரைவேட் சீட் கெடச்சும் பணம் இல்லாம சில புள்ளைங்க வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாங்க, அத பாத்துட்டு தானே அரசே ஃபீஸ் கட்டும்னு அறிவிச்சாங்க. அதே கஷ்டம் தான் இங்கயும்.

மனு குடுத்தேன், ரசீது வந்துச்சி, பதில் வரல. பெரியவ திரும்ப நீட்டுக்கு படிக்கிறா. சின்னவ வர்ற ஜூன்ல ஆறாவது போறா, அவள கேட்டுக்கு அந்தாண்ட சேக்குறதா இந்தாண்ட சேக்குறதான்னு அட்மிஷனுக்கு முன்னாடி யாராவது சொன்னா பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு தையக்கார அம்மா,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21